நோயை மறைக்கும் பிள்ளையும் உண்மைக்கு விலை வைக்கும் பெற்றோரும்

பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்கு நாம் அறிவுரை கூறாத நாளே இல்லை. ஆனால், நட்டம் எதுவும் வராத வேளையில் உண்மை பேசுவது பெரிய காரியமன்று; விவரம் அறியாத குழந்தையும் அதைச் செய்துவிடும். உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்ட ஒன்று கைநழுவிப் போகும் என்ற நிலை வரும்போதுதான், பிள்ளையின் வாய்மையும் நம் வளர்ப்பும் ஒருசேர உரைத்துப் பார்க்கப்படுகின்றன. அத்தகைய உரைகற்களுள் நாம் அதிகம் கவனியாத ஒன்று நோய்.

ஒரு பள்ளியில் கொல்லிமலைச் சுற்றுலா அறிவிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். பணம் கட்டியாயிற்று, பேருந்தில் யார் பக்கத்தில் யார் அமர்வது என்பதும் முடிவாகிவிட்டது. வல்வில் ஓரி ஆண்ட மலையையும் ஆகாய கங்கை அருவியையும் காணப் பிள்ளைகள் நாட்களை எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். புறப்படும் நாள் வைகறையில் ஒரு சிறுவனுக்கு உடம்பு சுடுகிறது; தொண்டை வலிக்கிறது. “என்னப்பா, முகம் வாடியிருக்கிறதே?” என்று தாய் கேட்கிறாள். “ஒன்றுமில்லை அம்மா, தூக்கம் போதவில்லை” என்கிறான் அவன். சின்னஞ்சிறு பொய்தான். ஆனால், அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. நல்ல உடல்நிலையில் இருப்போருக்கே தலை சுற்றி வாந்தி எடுக்கும் பாதை அது. மேலே, ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிர். ஆகாய கங்கையைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது உடலின் தளர்ச்சி தெரியாது; அருவியில் நனைந்துவிட்டு அதே படிகளில் ஏறி வரும்போதுதான் தெரியும். காய்ச்சல் கண்ட பிள்ளை அங்கே கால் சோர்ந்து அமர்ந்துவிட்டால், ஆசிரியர் என்ன செய்வார்? சமவெளியின் பெரிய மருத்துவமனையை அடைய, ஏறி வந்த அத்தனை வளைவுகளையும் மீண்டும் இறங்கியாக வேண்டுமே!

மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம் என்று கருதும் பெற்றோரும் உண்டு. பாரசிட்டமால் மாத்திரை உடற்சூட்டைத் தணிக்குமேயன்றி, காய்ச்சலை உண்டாக்கிய நோயைத் தீர்க்காது. டெங்கு போன்ற நோயில், சூடு தணியும் அந்த நாட்களே ஆபத்து தொடங்கும் நாட்களாக இருக்கக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். உடம்பு சுடவில்லை என்பதனால் நோய் அகன்றுவிட்டது என்று பொருளாகிவிடாது.

இதில் பிறர் உரிமையும் கலந்திருக்கிறது. தட்டம்மை கண்ட பிள்ளை, உடலில் தடிப்புகள் தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. அந்த நாட்களில் வெறும் காய்ச்சலும் இருமலும் கண் சிவப்புமே தெரியும். நோயாளி வெளியேறிய பிறகும் இரண்டு மணி நேரம் வரை அக்கிருமி அறையின் காற்றில் தங்கியிருக்கும். எதிர்ப்பாற்றல் இல்லாதோர் பத்துப் பேர் நெருங்கிப் பழகினால், ஒன்பது பேரை அது பற்றக்கூடும். மூடிய பேருந்தில் ஒரு பிள்ளை மறைத்த காய்ச்சல், எத்தனை வீடுகளின் கவலையாக மாறும்! கொல்லிமலையிலேயே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மலைக் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்குகிறார்கள். அத்தகைய விடுதியில் ஒரு பிள்ளை விளையாட்டுப் போட்டிக்கு ஆசைப்பட்டுத் தன் காய்ச்சலை மறைத்தால், அது அந்த ஒரு பிள்ளையோடு நின்றுவிடுமா?

ஆயினும், குற்றம் முழுவதையும் பிள்ளையின் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. பிள்ளைக்கு இந்தப் பாடத்தைக் கற்பித்தவர்கள் யார்? உறவினர் திருமணத்துக்குச் செல்வதற்காக, “என் மகனுக்குக் காய்ச்சல்” என்று விடுப்புக் கடிதம் எழுதுகிறோம். அதைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புகிறோம். நோய் என்பது வேண்டும்போது எடுத்து வைக்கவும், வேண்டாதபோது ஒளித்து வைக்கவும் கூடிய ஒரு சாக்கு என்று அவன் நம்மிடமிருந்தே கற்றுக்கொள்கிறான். ஒரு நாளும் விடுப்பு எடுக்காத மாணவனுக்கு மட்டும் பரிசு வழங்கும் பள்ளியும், தான் அறியாமலே, காய்ச்சலை மறைப்பவனுக்குப் பரிசளித்துக் கொண்டிருக்கிறது.

பிள்ளையைக் கையசைத்து அழைத்து, “வா, ஒன்று தருகிறேன்” என்ற ஒரு தாயிடம், என்ன கொடுக்க எண்ணினாய் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அத்தாய். ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். குழந்தையிடம் விளையாட்டாகச் சொல்லும் சொல்லுக்கே இவ்வளவு கணக்கு இருக்குமானால், குழந்தையின் பெயரால் எழுதும் பொய்க் கடிதத்துக்குக் கணக்கு இல்லாமற் போகுமா?

இஸ்லாம் நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறையை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். ரமலான் நோன்பு கட்டாயக் கடமை. எனினும், நோயாளிக்கும் பயணிக்கும் திருமறை சலுகை அளிக்கிறது. விடுபட்ட நாட்களை வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளலாம். இதனையே நாம் ‘களா’ என்கிறோம். இச்சட்டத்தில் அடங்கியுள்ள கருணையைக் கவனியுங்கள். நோயுற்றேன் என்று சொன்னவனிடமிருந்து நோன்பு பறிக்கப்படவில்லை. அவனுக்காக அது வேறொரு நாளில் காத்திருக்கிறது. உடல்நலத்தோடு இருந்தபோது ஒருவர் செய்துவந்த நற்செயல்களின் கூலி, அவர் நோயுற்றிருக்கும்போதும் எழுதப்படுகிறது என்பதும் நபிமொழியின் கருத்து.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் பயணத்தின்போது, நோய் முதலிய காரணங்களால் மதீனாவிலேயே தங்கிவிட்ட சிலரைப் பற்றி நபியவர்கள் தம் தோழர்களுக்கு எடுத்துரைத்தார்கள். நாம் கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்கள் நம்முடன் இருந்தார்கள் என்பதே அதன் சாரம். உடன் வர இயலாதவரை வராதவர் என்று எண்ணாத பண்பு அது! நம் வகுப்பறைகளில், சுற்றுலாவுக்கு வர இயலாத பிள்ளை மறுநாள் எத்தனை தனிமையில் அமர்ந்திருக்கிறது!

சிலர் கேட்கலாம்: “இவ்வளவு சலுகை காட்டினால், பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட நோய் நோய் என்று நடிக்காதா?” நியாயமான ஐயம்தான். அதற்கும் அதே தபூக்கில் விடை இருக்கிறது. நலமாக இருந்தும் செல்லாதிருந்த எண்பதுக்கும் மேற்பட்டோர், நபியவர்கள் திரும்பி வந்ததும் சாக்குகளைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் மட்டும், இன்னும் இரு தோழர்களைப் போலவே, தமக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அதற்காக ஐம்பது இரவுகள் ஊரார் பேசாதிருந்த துன்பத்தைப் பொறுத்தார்கள். முடிவில் இறைவனின் மன்னிப்பு வந்தது. தம்மைக் காத்தது வாய்மையே என்று அவர்கள் வாழ்நாளெல்லாம் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். இல்லாத நோயைச் சொல்வதும், இருக்கும் நோயை மறைப்பதும் ஒரே வேரில் கிளைத்தவை. உண்மை கனிவோடு கேட்கப்படும் வீட்டில் இரண்டுக்குமே தேவை குறைந்துவிடும்.

திரும்பிச் செல்வது கோழைத்தனம் என்று எண்ணும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய வரலாறு ஒன்றும் உண்டு. கலீபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நாட்டை நோக்கிப் பயணமாகி, சர்கு என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்தார்கள். தோழர்களிடம் கருத்துக் கேட்டார்கள். மாறுபட்ட கருத்துகள் எழுந்தன. இறுதியில் தம்முடன் வந்தோரின் நலன் கருதித் திரும்பிவிட முடிவு செய்தார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லவும் வேண்டாம், அங்கிருப்போர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் பின்னர் எடுத்துரைக்க, அம்முடிவு உறுதிப்பட்டது. ஒரு பேரரசின் தலைவரே பாதி வழியில் திரும்பியிருக்கிறார். 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது பள்ளிவாசல்களின் கூட்டுத் தொழுகையையே நாம் நிறுத்தி வைத்தோம். பிறர் நலனுக்காக ஆசைப்பட்டதை விட்டுக்கொடுப்பதும் ஓர் அறமே என்பதைப் பிள்ளைகள் அப்போது கண்ணால் கண்டார்கள்.

எனவே, நாம் செய்ய வேண்டியவை எவை? முதலாவதாக, உண்மை சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். “இன்றைக்குத்தானா உனக்குக் காய்ச்சல் வர வேண்டும்!” என்ற ஒரு சொல் போதும், அடுத்த காய்ச்சலை அவன் மறைத்துவிடுவான். இரண்டாவதாக, இழந்ததற்கு ஒரு ‘களா’ வையுங்கள். நலம் பெற்ற பின், வசதிக்கேற்ப, அதே மலைக்கு ஒரு நாள் அழைத்துச் செல்லுங்கள். இயலாதெனில் பக்கத்து ஊருக்கேனும் அழைத்துச் செல்லுங்கள். ஆனால், கொடுத்த வாக்கை மறந்துவிடாதீர்கள். மறந்தால் வாய்மை அங்கேயே செத்துவிடும். மூன்றாவதாக, உண்மை எப்போதும் தடையாகவே முடியும் என்ற அச்சத்தைப் போக்குங்கள். வளைவுகளில் வாந்தி வரும் என்று சொல்லும் பிள்ளையை விட்டுச் செல்ல வேண்டியதில்லை. குறைவாக உண்ணச் செய்து, முன் இருக்கையில் அமர்த்தி, தொலைவில் பார்வையைச் செலுத்தச் சொன்னால் போதும். இழுப்பு நோயுள்ள பிள்ளை, மருத்துவரின் யோசனையோடு தன் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு வரலாம். பள்ளிகளும் தம் பங்குக்கு, நோயால் வர இயலாதவரின் கட்டணத்தைத் திருப்பித் தர முன்வரல் வேண்டும். வறிய தந்தை கட்டிய பணம் வீணாகுமே என்ற கவலையும் பிள்ளையின் வாயை அடைக்கிறது.

இத்தனையும் செய்தாலும், பேருந்து புறப்பட்டுச் செல்லும் காலையில் அந்தப் பிள்ளை அழத்தான் செய்யும். அழட்டும். வாய்மைக்கு விலை உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த விலையைத் தனியாகக் கொடுக்கும்படி அதை விட்டுவிடாமல் இருந்தால் போதும். பக்கத்தில் அமர்ந்து, நெற்றியில் கைவைத்து, “நீ உண்மை சொன்னாய், உன்னால் நாற்பது பேர் நலமாகப் போகிறார்கள்” என்று சொல்லும் தாயின் மடியில்தான் அமானிதம் என்ற சொல்லுக்குப் பிள்ளை பொருள் கற்கிறது.

உண்மை பேசும் பிள்ளைகளையும், உண்மையைத் தாங்கும் உள்ளங்களையும் நம் இல்லங்களுக்கு இறைவன் அருள்வானாக! ஆமீன்.