பதினொரு திங்கட் குடிக்கூலி

சானமாவுப் பக்கமிருந்து ஓசூர்த் தொழிற்சாலைக்குப் போய்வரும் தமிழ்த் தொழிலாளி, தன் வாடகை அறைக்குக் கையொப்பமிட்ட உடன்படிக்கையை ஒருநாளேனும் படித்ததுண்டா? படித்திரான். அதுதான் ஆங்கிலத்தில் உள்ளதே! வீட்டுக்குரியவரும் தமிழர், குடியிருப்பவனும் தமிழன், நடுவில் ஆங்கிலத்திற்கு என்ன வேலை?

அவ்வுடன்படிக்கை பெரும்பாலும் 11 திங்களுக்கே எழுதப்பெறும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிந்தே தீரவேண்டும் என்னும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திற்குத் தப்பும் கணக்கு அது. பன்னிரண்டாந் திங்களில் என்ன ஆகும்? காலம் முடிந்ததென்று குடிக்கூலி நின்றுவிடாது. இருக்குமளவும் கொடுத்தே ஆகவேண்டும். ஆனால், வீட்டுக்குரியவர் அக்கூலியை இசைந்து வாங்கிக்கொண்டாராயின், 1882-ஆம் ஆண்டின் உடைமை மாற்றச் சட்டம் 116-ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, குடியிருப்பு திங்களுக்குத் திங்கள் நீளும். பின்னர் வெளியேற்ற 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பற்றுச்சீட்டு வாங்காதவன் இதனை எதைக்கொண்டு மெய்ப்பிப்பான்?

நகரெல்லைக்குள் நிலைமை இன்னுங் கடிது. 2017-இல் இயற்றப்பெற்று 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், காலம் முடிந்தும் வெளியேறாதவனிடம் இருமடங்கு கேட்க வீட்டுக்குரியவருக்கு இடந்தருகின்றது. ஓசூர் மாநகராட்சியானதும் அதே 2019-இல்தான்.

தமிழை ஆட்சிமொழியாக்கி 1956-இலேயே சட்டஞ் செய்த நாடு இது. கோட்டைக்குத் தமிழ் கேட்டவர்கள் குடியிருக்கும் அறைக்குக் கேட்க மறந்தது ஏன்? தமிழில் எழுதிய உடன்படிக்கை செல்லாதென்று எச்சட்டமும் கூறவில்லை. காலங் கடந்தால் கூலி எவ்வளவு, முன்பணம் என்று திரும்பும் என்னும் இரண்டு வரிகளையேனும் தமிழில் எழுதச் செய்து, உரக்கப் படிக்கக் கேட்டபின் தொழிலாளி கையொப்பமிடட்டும்.