கொரோனாவைக் காட்டி கம்பெனி வாங்கும் டீலில் இருந்து விலக முடியுமா?

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையை 2020 ஜனவரியில் ஒருவர் விலை பேசி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையெழுத்து, அட்வான்ஸ் எல்லாம் ஆயிற்று. ஏப்ரலில் ஆலை கைமாற வேண்டும். நடுவில் மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஆலை மூடிக் கிடக்கிறது, ஆர்டரும் இல்லை. "எனக்கு வேண்டாம், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்க" என்று அவர் கேட்க முடியுமா? பல ஆயிரம் கோடி ரூபாய் டீல்களிலும் அந்த வருடம் இதே கேள்விதான் எழுந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

புயல், போர், தொற்றுநோய் என யார் கையிலும் இல்லாத காரணத்தால் சொன்னதைச் செய்ய முடியாமல் போனால், பொறுப்பிலிருந்து விடுவிப்பது 'ஃபோர்ஸ் மெஜூர்' ஷரத்து. அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 32-வது பிரிவு பொருந்தும். எழுதாமல் விட்டிருந்தால் 56-வது பிரிவு. அதன்படி விலக, ஒப்பந்தத்தின் அடிப்படையே தகர்ந்திருக்க வேண்டும்.

நஷ்டம் வந்தால் போதாதா?

போதாது. நெய்வேலி அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்துச் சுரங்கத்திலிருந்தே பழுப்பு நிலக்கரி வருகிறது. குஜராத்தின் முந்த்ரா மின்நிலையங்களோ இந்தோனேசிய நிலக்கரியை நம்பியிருந்தன. அந்த நாட்டில் விதிகள் மாறி விலை எகிறியதும், 'இது ஃபோர்ஸ் மெஜூர்' என்று வாதிட்டன. விலை கூடியது மட்டுமே காரணம் ஆகாது என்று 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்போ வாங்குபவருக்கு என்ன வழி?

கம்பெனியை வாங்குபவரின் முக்கியக் கடமை பணம் கொடுப்பது. அதை ஊரடங்கு தடுக்காது. எனவே இத்தகைய ஒப்பந்தங்களில் 'மெட்டீரியல் அட்வர்ஸ் எஃபெக்ட்' என்ற தனி ஷரத்து இருக்கும். கைமாறுவதற்குள் கம்பெனியின் மதிப்பு பெரிய அளவில் சரிந்தால் வாங்குபவர் விலகலாம். விற்பவரோ, 'இன்னின்ன காரணத்தால் சரிந்தால் விலக முடியாது' என்று விதிவிலக்குகளைச் சேர்ப்பார்.

இதில் பெரிய பாடம் ஒரு ஹோட்டல் வழக்கு. சீனாவின் அன்பாங்கிடமிருந்து அமெரிக்காவில் உள்ள 15 ஹோட்டல்களை 580 கோடி டாலருக்கு வாங்க, தென்கொரியாவின் மிராய் 2019 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டது. கொரோனா வந்ததும் பின்வாங்கியது. விதிவிலக்கில் இருந்த 'பேரிடர்' என்ற சொல்லுக்குள் தொற்றுநோயும் அடங்கும். எனவே அதைக் காட்டி விலக முடியாது என்றது டெலவேர் நீதிமன்றம். ஆனாலும் 2020 நவம்பர் 30-ல் வந்த தீர்ப்பில் ஜெயித்தது மிராய்தான்! எப்படி? கைமாறும் வரை தொழிலை வழக்கம்போல் நடத்துவதாக விற்பவர் வாக்குக் கொடுத்திருந்தார். மிராயின் சம்மதம் வாங்காமலே சில ஹோட்டல்களை மூடி, ஆட்களைக் குறைத்ததால் அந்த வாக்கு மீறப்பட்டது. சொத்துரிமைச் சிக்கல் இன்னொரு காரணம்.

கோர்ட்டுக்குப் போகாமல் முடியாதா?

முடியும். கிருஷ்ணபட்டினம் துறைமுகத்தின் 75% பங்கை வாங்க அதானி போர்ட்ஸ் 2020 ஜனவரியில் முன்வந்தபோது, நிறுவன மதிப்பு 13,572 கோடி ரூபாய். கொரோனாவுக்குப் பிறகு இரு தரப்பும் பேசி 12,000 கோடியாகக் குறைத்தன. அக்டோபரில் டீல் முடிந்தது.

கையெழுத்துக்கு முன் என்ன பார்க்கணும்?

'தொற்றுநோய்' என்ற சொல் ஷரத்தில் இருக்கிறதா? அதனால் மதிப்பு சரிந்தால் நஷ்டம் யார் தலையில்? நடுவில் தொழிலை நிறுத்த நேர்ந்தால் யாரிடம் சம்மதம் வாங்க வேண்டும்? கடைசிக் கேள்வியை விற்பவர் மறக்கவே கூடாது. மூடுவதற்கு நியாயமான காரணம் இருந்தாலும், எழுத்தில் ஒரு சம்மதம் வாங்காமல் விட்டால் மொத்த டீலும் கைநழுவலாம்.