கேட்பது இரவலன்று

"சர்க்காரிடம் கையேந்தி என் மகளைப் படிக்கவைக்க மாட்டேன்" என்றார் நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர். தன்மானம் என்று மெச்சியிருப்பேன். ஆனால், அடுத்த திங்களே கல்லூரிக் கட்டணத்திற்காக அவர் வட்டிக்குக் கடன் வாங்கினார் என்று அறிந்தேன். ஹராமான வட்டிக்கு நீண்ட கை, ஹலாலான உதவிக்கு மடங்கிவிட்டது! இதற்குப் 'பேணுதல்' என்று பெயர் சூட்டுவோரோடுதான் என் வழக்கு.

அரசு தரும் கல்வி உதவித்தொகை ஸதகாவும் அன்று, ஜகாத்தும் அன்று. டீசலுக்கும் சோப்புக்கும் நாம் செலுத்தும் வரியும் சேர்ந்ததே அந்தப் பணம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் 'திவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு 'அதா' எனும் உதவித்தொகை வழங்கினார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்ட ஸஹாபாக்களும் அதைப் பெற்றனர். அவர்களை இரவலர் என்று சொல்ல யாருக்கேனும் நாக்கூசாதா?

சச்சார் குழுவின் அறிக்கை 2006இல் வந்தது. 2007–08இல், பத்தாம் வகுப்பிற்குப் பிந்திய படிப்புக்காகச் சிறுபான்மை மாணவர்க்கு உதவித்தொகை தொடங்கப்பெற்றது; அதில் 30 விழுக்காடு மாணவியர்க்கு ஒதுக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி புகும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. இவை என்றும் நிலைப்பன என்று எண்ணவேண்டா. ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் நிதியுதவி 2022இல் நிறுத்தப்பட்டது. உள்ளபோது கேளாதவர் நின்றபின் புலம்பிப் பயனென்ன?

கேளாதிருப்பது ஒரு பிழை. பொய் சொல்லிக் கேட்பது பெரும்பிழை. சிறுபான்மை உதவித்தொகை குறித்து ஆய்வுக்கெடுத்த 1572 நிறுவனங்களுள் 830 போலியானவை அல்லது செயல்படாதவை என்று 2023இல் மைய அமைச்சகம் அறிவித்தது. வருமானத்தைக் குறைத்துச் சான்று வாங்கும் வசதியுள்ள தந்தையே! நீர் எடுப்பது அரசின் பணம் மட்டுமன்று. ஓர் ஏழைப் பிள்ளையின் பங்கு.

மூன்றாவது பிழை சோம்பல். பள்ளிச் சான்றில் 'முகம்மது', ஆதாரில் 'மொஹமத்', வங்கிப் புத்தகத்தில் 'முஹம்மத்'. ஒரே பிள்ளைக்கு மூன்று பெயரெழுத்து! மனு அங்கேயே தடைப்படுகிறது. கடைசித் தேதிக்கு முதல்நாள் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றால் அது திருந்துமா?

சேலம், நாமக்கல் ஜமாஅத்துப் பெருமக்களே! கல்லூரி திறக்கும் பருவத்தில் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம், பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசையும் படித்த வாலிபர் இருவரும் இருந்தால் போதும். சான்றுகளைச் சரிபார்த்து மனுச்செய்து கொடுக்கட்டும். மேசை போடாத நாம் மிம்பரில் ஏறி வட்டியைக் கண்டித்தால், அந்த ஓட்டுநரின் முகத்தை எப்படி ஏறிட்டுப் பார்ப்போம்?