கல்வெட்டில் பாதியைப் படித்தவர்

தொண்டு நிறுவனங்கள் கொடையாளர் உறவை எப்படிப் பலப்படுத்துவது என்று நிதி திரட்டும் ஆலோசகர் ஒருவர் நீட்டி முழக்கி எழுதியிருக்கிறார். படித்து முடித்ததும் ஒன்று ஐயமறத் தெளிந்தது: அவருக்கு உறவெல்லாம் கொடையாளரின் பணப்பையோடுதான், கொடையாளரோடு அல்ல. அவர் வகுத்துத் தரும் விதிகளை அவருடைய வரிசையிலேயே பார்த்துவிடலாம்.

கொடையாளர் ஒரு வாடிக்கையாளர், அவர் மனம் கோணக் கூடாது என்பது முதல் விதி. இரண்டு பத்தி தள்ளி, அதே மனிதர் குடும்ப உறுப்பினராகிவிடுகிறார். எந்தக் குடும்பத்தில் ஐயா பில் போடுகிறார்கள்? போகட்டும், வாடிக்கையாளர் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் வாங்கிப்போகும் சரக்கு எது, காப்பகக் குழந்தையின் நன்றிக் கண்ணீரா? பிரதிபலன் கருதாமலும் விளம்பர நோக்கமில்லாமலும் தரப்படும் நன்கொடைக்கு, கொடுத்தவர் பெயரைப் பலகையில் பொறித்தாலும்கூட, ஜிஎஸ்டி கிடையாது என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2019இல் சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. வரி வசூலிப்பவருக்குப் பிடிபட்ட கொடைக்கும் கொள்முதலுக்குமான வேறுபாடு, அறத்துக்கே ஆலோசனை சொல்பவருக்குப் பிடிபடவில்லை.

இரண்டாவது விதி கண்ணீர். காப்பகக் குழந்தையின் படத்தையும் பெயரையும் சோகக் கதையையும் மாதந்தோறும் அனுப்பிவந்தால் உணர்ச்சிப் பிணைப்பு இறுகுமாம். இறுகும்தான், கூடவே கைவிலங்கும் இறுகும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயரையோ படத்தையோ எந்தத் தகவல்தொடர்பு வழியாகவும் வெளிப்படுத்தக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும். தன் துயரம் ஊர்பேர் தெரியாத ஒருவரின் கைபேசியில் மாதாமாதம் வந்து இறங்குவதற்கு அந்தக் குழந்தையிடம் அனுமதி கேட்டவர் யார்?

மூன்றாவது விதியில் அவருடைய தருக்கம் தன் காலைத் தானே வாரிக்கொள்கிறது. நிர்வாகச் செலவு பூச்சியம், ஒவ்வொரு ரூபாயும் பயனாளிக்கே என்று பறைசாற்றினால்தான் நம்பிக்கை பிறக்குமாம். நல்லது. ஆனால் அதே மூச்சில், கொடையாளரின் பிறந்தநாளையும் மணநாளையும் குறித்துவைத்து வாழ்த்தனுப்பும் மென்பொருள் வாங்குங்கள், உறவு மேலாளரை நியமியுங்கள், தக்க ஆலோசகரை அமர்த்துங்கள் என்கிறாரே, இவ்வளவுக்கும் சம்பளம் அந்தப் பூச்சியத்திலிருந்தா வரும்? அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை எடைபோடுகிற மூன்று அமைப்புகளே 2013இல் கொடையாளர்களுக்கு வெளிப்படையாக மடல் எழுதி, நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தைத் தீர்மானிக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டன. மேலைநாட்டு மேலாண்மை நூல்களைக் கரைத்துக் குடித்தவராகத் தோற்றம் தருபவர், இந்த ஒரு மடக்கை மட்டும் எப்படித் தவறவிட்டார்? பொய்யில் முளைத்த நம்பிக்கைக்கு, கொடையாளர் தணிக்கை அறிக்கையைப் புரட்டும் நாள்வரைதான் ஆயுள்.

அடுத்து, பெருங்கொடையாளரை மட்டும் கவனியுங்கள், சில்லறைக்குக் கூட்டுக் குறுஞ்செய்தி போதும் என்கிறார். சான்றுக்கு ஹார்வர்டு தமிழ் இருக்கையை இழுத்துவருகிறார். இழுத்திருக்க வேண்டாம்; கணக்கு அவருக்கு எதிராகத்தான் பேசுகிறது. தேவைப்பட்டது 60 லட்சம் டாலர். தொடங்கிவைத்த மருத்துவர்கள் இருவர் ஆளுக்கு 5 லட்சம் தந்தார்கள். பெருமனம்தான், மறுப்பதற்கில்லை, ஆனால் அது ஆறில் ஒரு பங்கு. மிச்ச ஐந்து பங்கையும், தமிழ்நாட்டு அரசின் 10 கோடி ரூபாயோடு, பல நாட்டுத் தமிழர்கள் தந்த சிறிதும் பெரிதுமான தொகைகள் சேர்ந்தே நிரப்பின. பிடியரிசி எடுத்துவைத்தே பள்ளிக்கும் கோயிலுக்கும் கொடுத்துப் பழகிய சமூகத்துக்கு, சிறு கொடை சில்லறை என்று பாடம் நடத்த வந்திருக்கிறார்.

இறுதியாகத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கே போய்விடுகிறார். ராசராசன் காலத்திலேயே கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டினார்கள், ஆகவே புகழாசைக்குத் தீனி போடுவதே தமிழ் மரபு என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பெயர் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டார் போலும்! பெயருக்குப் பிறகுதான் ஐயா கல்வெட்டே தொடங்குகிறது. ஒரு நந்தா விளக்குக்கு ஆடு 96, அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் இன்னார், அவர் நாள்தோறும் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. நகை கொடுத்திருந்தால், ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்த பொன்னின் எடை. சாவா மூவாப் பேராடு என்றார்கள், அதாவது மந்தையின் முதல் குறையக் கூடாது. கொடுத்தது எவ்வளவு, யார் பொறுப்பு, நடக்க வேண்டியது என்ன என்று கோயிலுக்கு வருகிற எவரும் பார்க்கும்படி ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிவைத்த கணக்கேடு அது. அதில் போய் இவர் விளம்பரப் பலகையைக் காண்கிறார். நம் நிறுவனங்களில் எத்தனை, அந்த இடையனைக் கேட்ட அளவுக்காவது தங்களைக் கேள்வி கேட்டுக்கொள்கின்றன? கடந்த ஆண்டு எந்தத் திட்டம் தோற்றது, ஏன் தோற்றது என்று கொடையாளருக்கு எழுதும் துணிச்சல் எத்தனைக்கு உண்டு? உறவைப் பற்றிய இவ்வளவு நீளக் கட்டுரையில் கணக்கு என்ற பேச்சுக்கு ஒரு பத்திகூட இடமில்லாமல் போனது தற்செயலா?

தற்செயல் இல்லை. கடைசிப் பத்தியில், திரளும் தொகையில் ஒரு விழுக்காட்டை ஆலோசகருக்கு ஒதுக்குவது நியாயமே என்று மெல்ல நழுவவிடுகிறாரே, அதற்கு வருவதற்காகத்தான் முன்னே இத்தனை விதிகளும். இந்த விழுக்காட்டு ஊதியத்தை அமெரிக்க நிதி திரட்டுநர் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு நெறிவிதியால் விலக்கிவைத்திருக்கிறது. வசூலில் பங்கு உள்ளவர் கொடையாளரின் பக்கம் நின்று பேச மாட்டார் என்பதை அறிய, சங்கம் வைத்து ஆராயவும் வேண்டியதில்லை.

கொடுக்கிறவர்களே, இனி உங்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வந்தால் நன்றி சொல்லிவிட்டு, தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். தருகிற நிறுவனத்தோடு உறவு வைத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால், அடுத்த தவணையை நிறுத்துங்கள்.