கூட்டத்தைப் பழிப்பவர்களுக்கு

ஓண வாரம் வந்தால் திருவனந்தபுரத்துக் கல்விப்புலத்தார் சிலர் வழக்கமான புலம்பலைத் தொடங்கிவிடுகிறார்கள்: கனகக்குன்னில் கால்வைக்க இடமில்லை; விளக்கலங்காரம் பார்க்க வந்தவர்கள் நகரைப் பாழாக்கிவிட்டார்கள்; இது பண்பாடன்று, வெறும் வேடிக்கை.

நாம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்கு எந்தப் புதன்கிழமையும் போகலாம். அதற்குக் களப்பணி என்று பெயரும் சூட்டிக்கொள்ளலாம். துணிக்கடைப் பெண்ணுக்கு அந்தப் புதன்கிழமை இல்லை. கேரளத்தில் கடைப் பணியாளர்களுக்கு வேலையிடையே உட்காரும் உரிமையே 2018இல்தான் சட்டமாயிற்று. நெரிசலுக்குக் காரணம் மக்களின் ரசனைக் குறைவன்று; ஓய்வு பங்கிடப்பட்டிருக்கும் முறை. ஜப்பானில் ஏப்ரல் இறுதி முதல் மே 5 வரை நீளும் ‘கோல்டன் வீக்’ நெரிசலும் இதையே உணர்த்துகிறது. சம்பள விடுப்பை எடுக்கவே தயங்கும் அந்நாட்டில், ஆண்டுக்கு 5 நாளேனும் விடுப்பு எடுக்கச் செய்யும் கடமையை 2019இல் சட்டம் நிறுவனங்கள்மீது சுமத்த நேர்ந்தது.

ஓண ஊர்வலம் புறப்படும் வெள்ளையம்பலத்தில் அய்யன்காளியின் சிலை நிற்கிறது. தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் 1893இல் வில்லுவண்டி ஓட்டியவர் அவர். அச்சிலையைச் சுற்றி இன்று எல்லோரும் தோளுரசி நிற்பதை இழிவென்று எழுதுவோர் எந்த வரலாற்றைக் கற்றார்கள்?

குப்பை குவிவது உண்மை. நெரிசலில் முதியோர் துன்புறுவதும் உண்மை. ஆகவே கழிப்பறை கேளுங்கள், குடிநீர் கேளுங்கள், நள்ளிரவுவரை பேருந்து கேளுங்கள். கடைப் பணியாளருக்குக் கூடுதல் விடுப்பும் கேளுங்கள். ஆண்டுக்கொருமுறை வெளியே வந்தவரைப் பார்த்து, ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.