வேகத்தை உயர்த்துமுன் அளந்தறிதல்

அகலக்கற்றை என்னும் பெயருக்குரிய குறைந்தபட்ச இணைய வேகம் நம் நாட்டில் 2004இல் நொடிக்கு 256 கிலோபிட் என வகுக்கப்பட்டது. 2013இல் 512 கிலோபிட்டாகவும், 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்ந்தது. ஐதராபாத் நகரிலோ 2017ஆம் ஆண்டிலேயே 1 கிகாபிட் இணைப்பு வீடுகளுக்குக் கிடைக்கலாயிற்று. ஆயினும், அந்நகரின் மெட்டுகுடாவில் வாழும் ஒரு குடும்பம், குழந்தையின் பாடக்காட்சி தடைப்பட்டவுடன் கூடுதல் கட்டணத்திற்கு உடன்படுவது எப்பொழுதும் அறிவுடைமை ஆகாது.

குறை பல வேளைகளில் வீட்டினுள்ளேயே இருக்கிறது. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் மிகுதியான செய்தியைச் சுமப்பினும் சுவர்களை எளிதில் கடப்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் கடக்கும். ஆனால், நெருக்கமான குடியிருப்புக்களில் அண்டை வீட்டுக் கருவிகள் அவற்றிற்கு இடையூறு செய்யும். 100 மெகாபிட்டுக்கென அமைந்த பழைய ரௌட்டரோ, 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டினும் அதனைத் தாராது.

ஆகவே, முதலில் கணினியைக் கம்பி மூலம் ரௌட்டருடன் இணைத்து வேகத்தை அளத்தல் வேண்டும். பின்னர் குழந்தை பயிலும் அறையில் வைஃபை வழியே அளத்தல் வேண்டும். கம்பியில் முழு வேகமும் அறையில் குறைந்த வேகமும் காணின், ரௌட்டரை வீட்டின் நடுவிடத்திற்கு மாற்றிப் பார்ப்பதே முதற் பரிகாரம். கம்பியிலேயே வேகம் குறையின், இணைப்பளித்த நிறுவனத்திடம் முறையிடுதல் தகும்.

தெளிவான படக்காட்சி ஒன்றிற்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். நால்வர் ஒரே வேளையில் பார்ப்பினும் 20 மெகாபிட்டே வேண்டும். ஆனால், ஒருவர் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 கிகாபைட் செலவாகும். நால்வரும் நாள்தோறும் தனித்தனியே இரண்டு மணி நேரம் பார்ப்பின், 30 நாட்களில் 540 கிகாபைட் ஆகிவிடும். திட்டத்தின் டேட்டா வரம்பு இதனினும் குறைவாயின், வரம்பு கடந்ததும் வேகம் வீழும். அக்குடும்பத்திற்கு வேண்டுவது மிகுந்த வேகமன்று, மிகுந்த வரம்பே. இக்கணக்கைப் போட்ட பின்னரே திட்டத்தை மாற்றுதல் நன்று.