பழைய மானிட்டரும் ஏமாற்று ஒயரும்

கண்ணாடிக் குழாய் வைத்த பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் காயலான் கடைக்குத்தான் லாயக்கு என்று பலரும் எண்ணுகிறார்கள். அது முழு உண்மையல்ல. ஒற்றை அறை சால் வீட்டில் பெரியவர்கள் டி.வி.யில் செய்தி பார்க்க, வீடியோ கேம் பெட்டியோடு பையன் முகம் வாடி நிற்கும்போது அந்த மானிட்டர் கைகொடுக்கும். ஆனால் எதை எதனோடு இணைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்களின் காசுதான் கடைவீதியில் கரைகிறது.

1980களில் வந்த வீடியோ கேம் பெட்டிகள் டி.வி.க்கென்றே செய்யப்பட்டவை. அவை வினாடிக்கு ஏறத்தாழ 15,700 கோடுகளாகப் படத்தை அனுப்புகின்றன. 1987ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்த வி.ஜி.ஏ. முறை மானிட்டரோ வினாடிக்கு ஏறத்தாழ 31,500 கோடுகளை எதிர்பார்க்கிறது. மீட்டர் கேஜ் வண்டியைப் பிராட் கேஜ் பாதையில் ஓட்ட முடியுமா? அது போலத்தான் இதுவும்.

இந்த நிலையில், ஒரு முனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பிளக்குகளும் மறுமுனையில் 15 ஊசி வி.ஜி.ஏ. பிளக்கும் கொண்ட ஒயரை மலிவாக விற்கிறார்கள். பிளக் பொருந்தும், படம் வராது. ஏனெனில் அதற்குள் வெறும் கம்பியைத் தவிர வேறொன்றும் இல்லை. கோடுகளின் வேகத்தை மாற்ற சர்க்யூட் உள்ள மாற்றுப் பெட்டி வேண்டும். இதைச் சொல்லாமல் ஒயரை விற்பது வியாபாரமல்ல, ஏமாற்று.

எல்லாப் பெட்டிக்கும் மாற்றுப் பெட்டி தேவையில்லை. கொமடோர் 1084 போன்ற பழைய மானிட்டர்கள் டி.வி.யின் வேகத்திலேயே இயங்குபவை. செகா மெகா டிரைவை அதனுடன் தக்க ஒயர் கொண்டு நேராக இணைக்கலாம். 1998ல் ஜப்பானில் வெளிவந்த செகா டிரீம்காஸ்ட், தக்க இணைப்பு இருந்தால் வி.ஜி.ஏ. மானிட்டருக்கே படம் தரும். எச்.டி.எம்.ஐ. உள்ள புதிய பெட்டிகளுக்கு, டிஜிட்டல் படத்தை அனலாக் ஆக்கும் கருவி வேண்டும். பல மானிட்டர்களில் ஸ்பீக்கர் கிடையாது. ஒலிக்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். பலன் இருக்கிறது. பட்டனை அழுத்தியதற்கும் திரையில் உருவம் அசைவதற்கும் இடையே புதிய தட்டை டி.வி.க்கள் பலவற்றில் சிறு தாமதம் உண்டு. குழாய்த் திரையில் அது இல்லை என்றே சொல்லலாம். நின்டெண்டோவின் ஒளித் துப்பாக்கி தட்டைத் திரையில் வேலையே செய்யாது. அதற்குக் குழாய்த் திரைதான் வேண்டும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. மானிட்டரின் பின்மூடியை யாரும் வீட்டில் கழற்றக்கூடாது. கலர் குழாயில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்சாரம் தங்கியிருக்கும். பழுதானால் தேர்ந்த மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும். பையன் கையில் ஸ்குரூ டிரைவர் கொடுப்பது ஆபத்து.

குழாயின் கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. குப்பையில் போட்டால் அதை உடைக்கும் கைகள் யாருடையவை? கழிவைப் பிரித்துப் பிழைக்கும் ஏழைகளுடையவை. தாராவியில் அவர்களுள் தமிழரும் உண்டு. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. விதி ஏட்டில் இருந்தால் போதாது. சேகரிக்கும் இடம் குடியிருப்புக்கு அருகில் இருக்க வேண்டும். மாநகராட்சிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓடும் மானிட்டரை ஓடவிடுவோம். வாங்குமுன் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்போம்: "இணைத்துப் படத்தைக் காட்டுவீர்களா?" காட்ட மறுப்பவரிடம் காசு கொடுக்க வேண்டியதில்லை.